பூஜை அலமாரியில் ஒரு தோட்டா

என் கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் தொழில். ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் ஊர் உலகத்து விமர்சனங்களை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் வாங்குவார். அதே புத்தியைத் தோட்டா வாங்குவதிலும் காட்டுவார் என்று பெண் பார்க்க வந்த அன்று யாராவது சொல்லியிருந்தால், காபி டம்ளரைக் கூட நீட்டியிருக்க மாட்டேன்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஆலன் என்ற ஊரில், எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம் கோயிலுக்குப் போயிருந்தபோது, யாரோ பின்கதவை உடைத்து நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஆட்கள் வீடென்றால் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. "நம்ம நகையெல்லாம் பேங்க் லாக்கர்ல வச்சிடலாங்க" என்றேன். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

"ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பேங்க்குக்கு ஓடுவியா?" என்று கேட்டவர், அடுத்த வாரம் கைக்கு அடக்கமாக ஒரு பிஸ்டலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிற திருடனை, பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் பிஸ்டல் என்ன செய்யும் என்று கேட்டேன்.

துப்பாக்கியை ஒரே நாளில் வாங்கிவிட்டார். அதற்குள் எதைப் போடுவது என்பதில்தான் ஒரு மாதம் போனது. சாதாரணத் தோட்டா ஆளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து சுவரையும் தாண்டுமாம். எங்கள் படுக்கையறைக்கு அடுத்தது மகளின் அறை. நடுவில் இருப்பது ஷீட்ராக் என்கிற அட்டைச் சுவர், ஓங்கிக் குத்தினால் கை உள்ளே போய்விடும். அதனால் ஹாலோ பாயிண்ட் வேண்டுமாம். அதன் மூக்கில் ஒரு குழி இருக்கும். உடம்பில் பட்டதும் விரிந்து, வேகம் இழந்து, உள்ளேயே நின்றுவிடும். ஆனால் குழல் குட்டையான துப்பாக்கியில் வேகம் குறைவு, அதனால் சில தோட்டாக்கள் விரியாமலே போய்விடுமாம். தடித்த ஜீன்ஸ் துணி குழியை அடைத்துக்கொண்டாலும் விரியாதாம். இவ்வளவையும் நான் தோசை வார்க்கும்போது அடுப்பங்கரை வாசலில் நின்று சொல்வார்.

சோதனை வீடியோக்கள் வேறு. மனித சதைக்குப் பதிலாக ஒரு ஜெல் கட்டியை வைத்து, அதன் மேல் ஜீன்ஸ் துணியைப் போர்த்திச் சுடுகிறார்கள். கட்டி ஒரு முறை குலுங்கி அடங்குகிறது. உள்ளே கிழிந்த பாதை கண்ணாடி போலத் தெரிகிறது. பார்க்க அப்படியே நான் மகளுக்குச் செய்து கொடுக்கும் கடல்பாசி இனிப்புதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல்பாசி செய்வதில்லை. ஒரு நாள் வீடியோவை நிறுத்தி, "எவ்ளோ அழகா விரிஞ்சிருக்கு பாரு, பூ மாதிரி" என்றார். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

இவருக்கு இதில் குரு ஒரு டாக்டர். இதய டாக்டர், மதுரைக்காரர், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் எங்கள் பாட்லக் கூட்டத்தில் பெரிய மனிதர். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தோட்டா விரிந்தால் நுரையீரல் என்ன ஆகும், ஈரல் என்ன ஆகும் என்று விரலால் தட்டில் தயிர் சாதத்தைப் பிளந்து காட்டினார். பிளந்த இடத்தில் ஊறுகாய் எண்ணெய் இறங்கியது. என்னைத் தவிர யாரும் தட்டைக் கீழே வைக்கவில்லை. "சேஃப்ல வச்சாலும் லோட் பண்ணியே வைங்க. ஆபத்து வரும்போது ஒண்ணொண்ணா போட்டுட்டு இருக்க முடியுமா?" என்றார் டாக்டர். என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். உயிரைக் காப்பாற்றுகிற கையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் மனைவி பாயசத்தோடு வந்துவிட்டார்.

கடைசியில் ஒரு டப்பா வீட்டுக்கு வந்தது. துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்து, சிக்காமல் பாய்கிறது என்று திருப்தியோடு திரும்பினார். விரல் ரேகை வைத்தால் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டியில், படுக்கையறை அலமாரிக்குள் பிஸ்டல் குடியேறியது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பெண் வளரும் வீடு, அது பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. "ப்ராமிஸ்" என்றார்.

சரஸ்வதி பூஜை வந்தது. நான் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், பூஜை அலமாரியில் மகளின் பள்ளிப் புத்தகங்கள், அவற்றின் மேல் லேப்டாப், கார் சாவி, எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தப் பிஸ்டல். அதற்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் கழற்றி வைத்த, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினுக்கும் ஒரு பொட்டு.

"என்னங்க இது கண்றாவி?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காம அரிவாள்மணையா வைப்பாங்க? மேகசின் கழட்டியாச்சு, எம்ப்டிதான்."

டாக்டர் குடும்பத்தோடு வந்தார். பிஸ்டலைப் பார்த்து, சரஸ்வதி படத்துக்கும் அதற்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் போனதும், "பூஜை முடிஞ்சுதுல்ல, உள்ள கொண்டு போய் வைங்க" என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் இப்போதும் மறக்கவில்லை. "பூஜைல வச்சதை நாளைக்கு புனர்பூஜை பண்ணாம எடுக்கக் கூடாதுமா. உனக்குத் தெரியாததா?" வெள்ளிக்கிழமை ஆம்லெட் தின்கிற மனிதர். சாஸ்திரம் அன்றைக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. நான் கத்தினேன். எம்ப்டி, எம்ப்டி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை மகள் பள்ளிக்குப் போன பிறகு, போன் மீட்டிங்குகளுக்கு நடுவே அவர் அவசரமாகக் கற்பூரம் காட்டினார். பிஸ்டலை எடுத்து, ரேஞ்சில் பழகின வழக்கத்தில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து, தாம்பாளத்தில் மோதி, சுண்டல் கிண்ணத்துப் பக்கம் உருண்டது. மேகசினைக் கழற்றினாலும் குழலில் ஏற்கெனவே ஏறியிருந்த ஒன்று அங்கேயேதான் இருக்கும். டாக்டர் சொன்னபடி லோட் பண்ணியே வைத்திருந்தவருக்கு, பொட்டு வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பத்து பேர் வேலையில் தினமும் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர்.

முகம் வெளுத்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல வேளை, யாரும் தொடலை. அப்படியே வெடிச்சிருந்தாலும் இது ஹாலோ பாயிண்ட்தான். சுவரைத் தாண்டாது" என்றார்.

அருவருப்பாக இருந்தது. அந்தத் தோட்டாவைப் பார்த்தல்ல, அவரைப் பார்த்து. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அலமாரி பக்கம் திரும்பினேன். அப்போதுதான் புத்தக அடுக்கு கண்ணில் பட்டது. லேப்டாப் கோணலாக இருந்தது. அடியில் கிடந்த கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் காணவில்லை. அவர் கையிலிருந்த பிஸ்டலைத் திரும்பிப் பார்த்தேன், விசைப் பக்கம் வைத்த குங்குமம் ஒரு பக்கமாக இழுத்துத் தேய்ந்திருந்தது.

அன்று மதியம் நகைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை.

மூன்றரை மணிக்கு மகள் வந்தாள். பையை இறக்குவதற்குள் கேட்டுவிட்டேன். "காலைல பூஜைலேர்ந்து புக் எடுத்தியா?"

"ஐ ஹேட் எ டெஸ்ட், அம்மா. ஐ நோ நாம தொடக் கூடாது. சாரி."

"அப்பாவோட பிஸ்டலை என்ன பண்ணினே?"

"ஐ ஜஸ்ட் ஹெல்ட் இட். அப்பா செட் இட் வாஸ் எம்ப்டி."

"எப்படிப் பிடிச்சே? காட்டு."

என்ன பெரிய விஷயம் என்பது போல சோஃபாவிலிருந்த டிவி ரிமோட்டை எடுத்தாள். வலது கையில் பிடித்து, விழாமல் இருக்க, அதன் முனை தன் வயிற்றில் பதியும்படி சேர்த்து அணைத்துக்கொண்டாள். இடது கையால் அடுக்கின் அடியிலிருந்து புத்தகத்தை இழுப்பது போலக் காட்டினாள். இழுக்கும்போது, பிடி நழுவாமலிருக்க, வலது கையின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கி ரிமோட்டை இறுக்கியது.

என் கணவர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முனைக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் சுவரே இல்லை. உடம்புக்குள்ளேயே நின்றுவிடும் என்று ஒரு மாதம் தேடித் தேடி அவர் வாங்கியது அது.