வலப்பக்கத்தில் எழுதிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசைக்குக் கிளம்பினால் சூசை மேரி எட்டேகாலுக்குள் வீடு திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளால் காவல் இருக்க முடியாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விற்க அந்த அம்மாள் மல்லாட்டைக் கடலை அவிக்கப் போகவேண்டும். வாரத்தில் அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் சூசை மேரிக்கு வெளிக்காற்று. மற்ற நேரமெல்லாம் ஒரு அறை, ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், கட்டிலில் கணவர் இருதயநாதன்.

விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். விக்கிரவாண்டி வருவதற்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரோடும் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. தண்ணீருக்கும் "ம்... ம்..." தான், திரும்பிப் படுக்கவும் "ம்... ம்..." தான். அவளுக்குப் புரியாவிட்டால் இடக்கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார்.

ஆரம்பத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாயங்கால ஜெபமாலையைச் சொன்னாள். அவரும் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, அழுவார். பார்க்கச் சகிக்காமல் ஜெபமாலையை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள். குக்கர் விசிலுக்கு நடுவே முணுமுணுத்து முடித்துவிடுவாள்.

கோவில் வாசலில், யாருக்காகப் பூசையில் வேண்ட வேண்டுமோ அவர் பெயரைப் பூசைக் கருத்தாக எழுதுகிற நோட்டு ஒன்று இருக்கும். இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, வலப்பக்கம் இறந்தவர்களுக்கு. பதினோரு வருஷமாக வலப்பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதி வந்தவள் அவள். தவக்காலத்து முதல் ஞாயிறு, மணி அடித்த பிறகு ஓடிவந்து, நின்றபடியே குனிந்து கணவர் பெயரை எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

உபதேசியார் மைக்கில் வாசித்தார். "இறந்துபோன இருதயநாதனின் ஆன்மா இளைப்பாற, மனைவி சூசை மேரி."

தலைகள் திரும்பின. அந்த நேரத்தில் அவளுக்குப் பதற்றம் வரவில்லை. தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவைத்த மாதிரி கழுத்து லேசானது. மூச்சு தாராளமாக வந்தது. அரை நிமிஷம் இருக்கும். பிறகுதான் தான் எதற்கு லேசானோம் என்று உறைத்தது. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாதென்று, அன்றைக்கு அவள் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை.

பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்போக்கா ஆச்சு? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இருக்காரு. வூட்லதான் இருக்காரு. காலைல மூணு இட்லி சாப்ட்டாரு."

வீட்டுக்கு வந்தால் வாசலில் அந்தோணிசாமி. இருதயநாதன் கண்டக்டராக இருந்த பஸ்ஸின் டிரைவர். மைக்கில் கேட்டதும் பூசைகூடப் பார்க்காமல் ரோஜாமாலை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். இப்போது மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு லட்சுமியம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை தூக்கிக்கினு வர்றியே, நீயெல்லாம் எப்பிடிதான் ரோட்டப் பாத்து வண்டி ஓட்டுனியோ!"

"கோவில்ல வாசிச்சாங்கம்மா, நான் இன்னா பண்றது?" என்றவர், உள்ளே எட்டிப்பார்த்து இருதயநாதனிடம் சத்தமாகச் சொன்னார்: "யோவ் கண்டக்டரு, சாவு சேதி வந்தா ஆயுசு கூடும்பாங்க. இன்னும் இருவது வருசத்துக்கு நீ கெட்டி!"

இருதயநாதன் ஒரு பக்க வாயால் சிரித்தார். சூசை மேரி அடுப்படிக்குள் போய்விட்டாள். இருபது வருஷம். அப்போது அவளுக்கு எழுபத்து மூன்று.

கை பழக்கத்தில் வலப்பக்கம் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையேதான் சொன்னாள். பழக்கம் என்றால் அப்பா பெயரையல்லவா கை எழுதியிருக்க வேண்டும்?

அன்றோடு ஜெபமாலை நின்றது. ஆணியில் தொங்கியதை அவள் தொடவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் இரண்டு வாரம் போய் நின்றாள். முறை வருவதற்குள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பதிலாக அவருக்குச் செய்வதைக் கூட்டினாள். தினமும் போர்வை துவைத்தாள், வேளைக்கு ஒரு கஞ்சி வைத்தாள். செய்யச் செய்ய வீடு இன்னும் குறுகிக்கொண்டே வந்தது. போதாததற்கு அவர் சாயங்காலமானால் கட்டில் சட்டத்தை அடிக்க ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், ஃபேனைக் கூட்டினாள். அடங்கவில்லை. "இன்னாதாங்க வேணும் உங்களுக்கு?" என்று ஒருநாள் கத்தியே விட்டாள்.

ஐந்தாம் வாரம் அந்தோணிசாமி வந்தார். தெருவிலிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"வர்ற புதன்கிழமை உன் வூட்ல, தங்கச்சி."

"வேணாம்ணே. கூட்டம் சேந்தா அவரு பேஜாராயிடுவாரு."

"மாலை எடுத்துக்கினு வர மாட்டேன், பயப்படாத."

புதன்கிழமை ஆறு மணிக்கு ஒன்பது பேர் அந்த ஒற்றை அறைக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அந்தோணிசாமி ஜெபத்தின் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொன்னார்கள். சூசை மேரி கதவோரமாக நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். மூன்றாவது மணியில் கட்டில் பக்கமிருந்து இன்னொரு குரல் எழுந்தது. வெகுநாள் ஓடாத வண்டி கியர் மாறுகிற மாதிரி கரகரத்தது. அவள் திரும்பினாள். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..." இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை சிதறாமல், சிறு வயதில் படித்த பழைய ஜெபத்தின்படி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். அந்தோணிசாமியின் விரல் மணியிலேயே நின்றது. பிறகு அடுத்ததைத் தொடங்கினார். மீதி மணிகள் அத்தனைக்கும் இருதயநாதன் ஒருவரே பதில் சொன்னார்.

"யோவ், டீ சாப்பிடுறியா?" என்று அந்தோணிசாமி கேட்டதற்கு, "ம்... ம்..." என்றுதான் வந்தது.

எல்லோரும் போனபின் சூசை மேரி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "எத்தினி நாளாங்க இது வருது?"

அவர் இடக்கையை நீட்டி அடுப்படியைக் காட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய ஜெபமாலையை. பிறகு கட்டில் சட்டத்தை மெல்லத் தட்டினார்.

அடுப்படியில் அவள் முணுமுணுத்த நாளெல்லாம் இங்கிருந்து பதில் வந்துகொண்டிருந்திருக்கிறது; விசில் சத்தத்தில் அவளுக்குத்தான் கேட்கவில்லை. அவள் நிறுத்தியதும் அவர் வாயும் அடைபட்டுப் போயிருக்கிறது.

"அன்னிக்கு நோட்டுல எழுதுனது நான்தாங்க," என்றாள். "தவறிப்போய் எழுதுனேனா, தெரிஞ்சே எழுதுனேனா, எனக்கே தெரியல. வாசிச்சப்போ எனக்கு... லேசா இருந்திச்சிங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து இடக்கை வந்து சட்டத்தைத் தட்டியது. அவள் ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். முதல் மணியை விரலில் பிடித்தபடி நின்றாள். மறுபடி தட்டினார். அவள் முன்பாதியைச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடியே பின்பாதியைச் சொன்னார்.

கோவிலில் குருத்தோலை கொடுக்கும் குருத்து ஞாயிறன்று அவள் சீக்கிரமே கிளம்பிப்போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். நோட்டின் இடப்பக்கத்தில் இரண்டு பெயர் எழுதினாள்: இருதயநாதன், சூசை மேரி. நற்கருணை வாங்கினாள். வீடு வந்தபோது லட்சுமியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஜல்தி வாடி, நேரமாவுது. படுக்கைய நனைச்சிக்கினு கெடக்குறாரு, பாரு."

குருத்தோலையைத் தலைமாட்டில் செருகிவிட்டு அவரைப் புரட்டினாள். நனைந்த போர்வையை உருவும்போது அவர் சட்டத்தைத் தட்டினார்.

"சாயங்காலம் சொல்லலாங்க."

மறுபடி தட்டினார். போர்வையை ஒரு கையால் இழுத்துக்கொண்டே அவள் முன்பாதியைத் தொடங்கினாள்.