வளைவில் தூக்கி வைத்த இஞ்சின்

ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கட்டையான உருவம், எண்ணெய்க்கறை போகாத விரல்கள். யுத்தத்துக்கு முன் பர்மா காட்டில் மரம் ஏற்றும் குட்டி ரயிலை ஓட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூடத்தில் ஒரு களிமண் மலை எழும்பும். அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் தண்டவாளம். தகரக் கொதிகலனும் கடிகாரப் பல்சக்கரங்களும் வைத்து இஞ்சினை அவரே செய்திருந்தார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தால் அது ஆவி கக்கியபடி எறும்பு வேகத்தில் மலையேறும். அவர் வாய்விட்டுச் சிரிப்பார்.

ஆனால் மூன்றாவது வளைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். சூடு பொறுத்துக்கொண்டு இஞ்சினைக் கையால் தூக்கி, வளைவைத் தாண்டி வைப்பார்.

ஒருநாள் கேட்டேன்: “இன்னா மாமு, அங்க ஏறாதா?”

“ஏறும் நைனா. அங்க என் தோஸ்து கீறான். பர்மாவுல இதே வளைவுல, மழையில சக்கரம் வழுக்குச்சுன்னு தண்டவாளத்துல மண்ணு போட எறங்குனான். நான் பாக்கல. வண்டிய எடுத்துட்டேன்.”

“அப்போ அந்த வளைவே இல்லாம பண்ணிடலாமே, மாமு?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“பண்ணிட்டா, அவன் எங்க நிப்பான்?”

இஞ்சின் மேலே ஏறிப் போய்விட்டது. நான் அந்த வெறும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.