மணிக்கட்டில் ஒரு விரல்

நண்பகலில் மருத்துவமனையின் நடைகூடம் உறங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளோடு வந்தவர்கள் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வியட்நாமின் சைகோன் நகரம் இப்படித்தான் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். நானும் என் மனைவி வள்ளியும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். என் வலக்கை விரல் இடக்கை மணிக்கட்டில் இருந்தது.

எனக்குப் பேஸ்மேக்கர் (துடிப்பு தாழும்போது மின்தூண்டல் தந்து இதயத்தை நடத்தும் சிறு கருவி) பொருத்தி ஓராண்டாகியிருந்தது. அதற்கு முன் மயங்கி விழுந்திருக்கிறேன். பொருத்திய பிறகு மயக்கம் வரவில்லை. வேறொன்று வந்தது.

இருட்டில் படியிறங்கும்போது இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைப்போமே, அப்படி நெஞ்சுக்குள் ஒரு தடுமாற்றம். பிறகு கலங்கிய நீருக்கடியில் மீன் திரும்புவதுபோல ஒரு புரளல். வலி இல்லை. ஆனால் அது வந்துபோன பிறகு உலகம் கொஞ்சம் தள்ளி நின்றது. மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல்கூட வேறு யாருடைய கனவிலிருந்தோ கேட்பதுபோல இருந்தது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இளமையிலிருந்தே உண்டு. ஆகவே எல்லாவற்றையும் குறித்தேன். என்ன சாப்பிட்டேன், எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தேன், மழையா வெயிலா. எதுவும் எதனோடும் பொருந்தவில்லை.

ஹோல்ட்டர் (ஒரு நாள் முழுக்க உடலில் அணிந்து இதயத்துடிப்பைப் பதியும் கருவி) அணிந்திருந்தபோது, தடுமாற்றம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அழுத்தினேன். அதன் முடிவுக்காகத்தான் அன்று காத்திருந்தோம்.

உள்ளே மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “நீங்க அழுத்தின எல்லா இடத்துலயும் துடிப்பு சீராத்தான் இருக்கு. பேஸ்மேக்கரும் ஒழுங்கா வேலை செய்யுது.”

“அப்ப எனக்குத் தோணுறது பொய்யா, டாக்டர்?”

“இல்லை. நீங்க உணர்றது நிஜம். அது ஏன்னு எனக்குத் தெரியலை.” திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுல எது வந்தாலும் உடனே வாங்க. மத்த நேரத்துல வழக்கம்போல இருங்க.”

தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குக் கோபம் வந்தது. நகரின் தூ டுக் பகுதியில், ஒரு தொழிற்சாலையின் கருவிகளைச் சரிபார்க்கும் அளவைக்கூடத்தில் வேலை செய்கிறவன் நான். கருவி காட்டாத ஒன்றை இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்களை நான் நம்பியதே இல்லை.

திரும்பும் மெட்ரோவில் வள்ளி கேட்டாள். “இங்கனயே இருக்கமா, காரைக்குடிக்குப் போயிருவமா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீசுக்குப் பதில் சொல்லணுமில்ல?”

வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க நிறுவனம் கேட்டிருந்தது. “உனக்கு எப்படி?” என்றேன்.

“எனக்கு இந்த ஊரு பிடிச்சுத்தான் இருக்கு. பென்-தான் மார்க்கெட்டுல இப்பத்தான் என்னை ஏமாத்தாம காய் குடுக்குறாக. ஆனா எந்நேரமும் தன் கையைத் தானே புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற மனுசனோட எந்த ஊர்லயும் குடித்தனம் பண்ண முடியாதுங்க.”

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆறு மெல்ல நகர்ந்து போயிற்று. மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அளவைக்கூடத்தில் அந்தத் தடுமாற்றம் வந்தது. கையுறையைக் கழற்றி நாடியைப் பிடித்தேன். அது அடங்கியதும், கையுறை இல்லை என்பதை மறந்து, அளவுக்கட்டையை (மற்றக் கருவிகளைச் சரிபார்க்க உதவும் துல்லியமான எஃகுத் துண்டு) உள்ளங்கையில் எடுத்துவிட்டேன்.

உடன் வேலை செய்யும் லான் பதறினாள். “அன் முத்து! என்ன இது?” வியட்நாமிய மொழியில் அன் என்றால் அண்ணன். “வெறுங்கையில தொட்டா எஃகு விரியும், அளவு பொய் சொல்லும்னு எங்களை எவ்வளவு திட்டியிருக்கீங்க! இன்னிக்கு நான் திட்டலாமா?”

“திட்டு.”

“திட்ட மாட்டேன். மதியம் ஐஸ் காபி வாங்கிக் குடுங்க, போதும். அதுவரைக்கும் கட்டை ஆறட்டும்.”

கட்டையை இடுக்கியால் எடுத்துக் கருங்கல் மேசையில் வைத்தாள். கைச்சூடு இறங்கும்வரை அதை அளந்து பயனில்லை. அதைக் கொஞ்ச நேரம் தனியே விட்டுவிட வேண்டும். இதைப் பல ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். என் மணிக்கட்டைப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

மதியம் எல்லோரும் பக்கத்து அறையில் பாய் விரித்தார்கள். விளக்கை அணைத்தார்கள். பேஸ்மேக்கர் வைத்த பிறகு நான் அந்த அறைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். அந்த அமைதியில்தான் நெஞ்சுச் சத்தம் மிகுதியாகக் கேட்கும். அன்று போய்ப் படுத்தேன்.

வந்தது. மீன் திரும்பியது. என் கை மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் அதைப் பாயின் மேல் வைத்தேன். கோரை குளிர்ச்சியாக இருந்தது. பயமாக இருந்தது; கையை அங்கேயே வைத்திருந்தேன். யாரோ மெலிதாகக் குறட்டை விட்டார்கள். மீன் இன்னொரு முறை புரண்டு ஆழத்துக்குப் போயிற்று. அதன் பிறகு நான் எங்கிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

விளக்கு எரிந்தபோது லான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “கட்டை ஆறியிருக்கும், வாங்க. காபியை மறந்துராதீங்க.”

வள்ளிக்குப் போன் செய்தேன். “இங்கனயே இருப்போம்.”

“சரி. என்ன மீன் வாங்கட்டும்?” என்றாள்.

தடுமாற்றம் இன்றும் வருகிறது. ஏன் என்று இன்றும் தெரியாது. மருத்துவர் சொன்ன அறிகுறிகளை மறக்கவில்லை. பரிசோதனைகளுக்குத் தவறாமல் போகிறேன். மற்ற நேரங்களில் என் உடம்பு எனக்கு, பக்கத்து அறையில் யாரோ நடமாடும் வீடு. காலடிச் சத்தம் கேட்கிறது. எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. அன்று மதியம் எவ்வளவு நேரம் உறங்கினேன் என்பது மட்டும் என் நாட்குறிப்பில் இல்லை.