பச்சை விளக்கும் என் பெஞ்சும்

கல்வித் தொழில்நுட்ப மாநாட்டில் பேச என் மருமகளுக்கு அழைப்பு வந்ததும் வீடே துள்ளியது. நான் துள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் ஒற்றை ரம்பத்தோடு தொடங்கி, இன்று இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை என் பட்டறையில் செய்த பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறேன். எவனாவது சும்மா சிரித்துக்கொண்டு வந்தால் எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

மருமகள் கணக்கு டீச்சர். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "நல்லா பேசிட்டு வா, உன் விஷயத்தை நிர்வாகத்துல நானே சொல்றேன்" என்று தலைமையாசிரியை ஆசை காட்டியிருந்தார்.

அவள் வகுப்புக்கு டேப்லெட் கொடுத்த கம்பெனி, பேச்சுப் பயிற்சிக்கென்று ஓர் ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது. அவன் ஷூவில் முகம் பார்க்கலாம். நான் வைத்த பெயர் பளபளப்பு. பேச்சையும் அவனே எழுதிக்கொண்டு வந்தான். டேப்லெட்டில் கணக்குச் சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு.

"'என் வகுப்பில் அத்தனை பேரும் பச்சை!' இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க மேடம். கைதட்டுவாங்க."

"அத்தனை பேருமா?" என்று குறுக்கே விழுந்தேன்.

"ஆமாங்க ஐயா. மெஷின் பொய் சொல்லாது."

"தம்பி, என் பிள்ளைங்க மூணு பேரும் ஒரே வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டாங்க. ஒருத்தனுக்கு வாய்ப்பாடு வந்துச்சு, மத்தவனுங்களுக்குக் கொட்டாவிதான் வந்துச்சு."

அவன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, வந்தவர் முன்னாடி இப்படியா மானத்தை வாங்குறது?"

"அவன் பேச்சை உன் வாயில எதுக்கும்மா திணிக்கிறான்? நீ டீச்சரா, அவன் கடைக்கு போர்டா?"

கதவு கொஞ்சம் சத்தமாகவே சாத்திக்கொண்டது. ஆனால் அவள் மனசில் சந்தேகப் புழு புகுந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியின் பெரிய கூடத்துக்கு அழைத்துப்போய், தள்ளித்தள்ளித் தரையில் உட்காரவைத்து, டேப்லெட்டைக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் முகம் சுண்டி வந்தாள்.

"பாதிக்கு மேல சிவப்பு, மாமா."

தொடையைத் தட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்ல! அந்தப் பளபளப்பு மெஷின்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்."

"மெஷின்ல இல்ல. உங்க பெஞ்சுல."

பென்சில் உருளாமல் இருக்க என் பெஞ்சோடு சேர்ந்த எழுதுபலகையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பள்ளம் உண்டு. என் சொந்த யோசனை. வேறெவன் பெஞ்சிலும் பார்க்க முடியாது. அதில் டேப்லெட்டின் விளிம்பு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. விரலால் தள்ளினால் ஓடுகிறது. பெஞ்சுக்கு மூன்று பேர். கணக்கு வருகிற பிள்ளை தன்னுடையதை முடித்துவிட்டு, மற்ற இரண்டையும் இழுத்துப் பச்சையாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"அப்ப என் பெஞ்சுதான் குத்தமா?"

"யாரு குத்தம்னா? சர்ருன்னு போகுது. அவ்வளவு நேர்த்தியா இழைச்சிருக்கீங்க."

என்னைச் சமாளிக்கத்தான் சொன்னாளோ என்று இன்றும் சந்தேகம்.

பளபளப்புக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அதெல்லாம் மேடையில எதுக்கு மேடம்? பச்சைப் படத்தைக் காட்டிட்டு இறங்கிடுங்க. உங்க வேலை விஷயமா ஹெச்.எம். கிட்ட நானும் ஒரு வார்த்தை சொல்றேன்."

இவள் வேலையைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது? என் மூக்கில் வியர்த்தது. அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"தெரியாம இருந்தப்ப சொல்லியிருப்பேன் சார். இனிமே எப்படிச் சொல்றது?"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, பட்டறை வேன் மாநாட்டன்னிக்குச் சும்மா இருக்குமா?"

அப்படித்தான் என் பெஞ்சு மாநாட்டு மேடை ஏறியது. மைக்கை எவனாவது அணைத்துவிடுவானோ என்று நான் முன்வரிசையில் உட்கார்ந்து மைக்செட்காரனையே முறைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படுகிறவள், டேப்லெட்டைப் பள்ளத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். சர்ர்ர்! அரங்கமே சிரித்தது.

"பச்சையை நம்பி, யாருக்குக் கணக்கு வரலைன்னு நான் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள். சிரிப்பு நின்றது. பளபளப்பு தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியை மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் மேடையேறி, பெஞ்சில் உட்கார்ந்து, தானே ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

நிரந்தர ஆணை இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் அந்த அம்மாள் சிரிக்கிறார். பள்ளிக்குப் புதுப் பெஞ்சுகள் வேண்டுமாம், பள்ளம் இல்லாமல். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. "மரம் காயணும்மா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். மருமகள் கைக்கு ஆணை வரட்டும். மரம் அன்றைக்கே காய்ந்துவிடும்.