அஞ்சரை பஸ்ஸில் வந்த அபிப்பிராயம்

யாராவது ஒரு படத்தைப் பற்றி "பாக்கலாம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பார்க்கலாமா கூடாதா என்று சொல்ல நீ யார் என்று கேட்க நாக்கு துடிக்கும். வயதாகிவிட்டதால் அடக்கிக்கொள்கிறேன். கோபம் மட்டும் போகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். அண்ணனுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை. அப்பா போனபிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அதில் சினிமாவுக்கென்று ஒரு தனிச் சட்டம் இருந்தது. தென்காசிக்கு எந்தப் படம் வந்தாலும் முதலில் அண்ணன் போய்ப் பார்ப்பார். பெண்கள் பார்க்கத் தகுந்த படமா என்று சோதிக்கப் போகிறாராம். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே தீர்ப்பைச் சொல்வார். ஒன்று, "பாக்கலாம்." இல்லாவிட்டால், "நமக்கு வேண்டாம்."

அந்த 'நமக்கு' இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். நமக்கு வேண்டாம் என்று அவர் சொன்ன படத்துக்கு அவர் மட்டும் மறுபடி போவார், அதற்கடுத்த வாரமும் போவார். பாயசத்தில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவர், சட்டியைக் காலி செய்துவிட்டு, "இது நமக்கு ஒத்துக்காது" என்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்த கதைதான். வீட்டில் அம்மா, அண்ணனின் மனைவியான மதினி, நான் என்று மூன்று பெண்கள். "நமக்கு ஏன் வேண்டாம்?" என்று எங்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

கடையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து படங்களைப் பிரித்து மேயும். மதினிக்குச் சேலை எடுக்க நானும் போன நாட்களில், துணியைப் பார்க்கிற மாதிரி காதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன். "இடைவேளை வரைக்கும் ஜோரு அண்ணாச்சி, அப்புறம் ஒரே இழுவை." "சண்டைக்காகப் பாக்கலாம்." "பாட்டு வந்தா பீடிக்கு வெளிய வந்திருவேன்." எல்லாருக்கும் எல்லாப் படத்தைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது. என் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எதுவும் இருந்திருக்காது. எனக்குக் காட்டப்பட்டவை எல்லாம் சாமி படங்கள்தான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் அது. மாப்பிள்ளை வீடு கீழப்பாவூர். பூ வைக்க வந்த அன்றைக்கே மாமியாராகப் போகிறவர் சொல்லிவிட்டார், அவர்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகை வாசலை மிதித்ததில்லை என்று. பெருமையாகச் சொன்னார். அண்ணனும் பெருமையாகத் தலையாட்டினார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சாரல் காலத்தில் ஒரு நாள் குற்றாலத்தில் பேரருவிக்குக் குளிக்கப் போயிருந்தேன். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் என்னருகே நின்ற ஒரு அம்மாள் மதராஸ்காரி. தலையில் எண்ணெயைத் தட்டிக்கொண்டே, மதராஸில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பெரிய ராஜா ராணிப் படத்தின் கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யானை, குதிரை, கோட்டை, ஆயிரம் பேர் சண்டை. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அந்த ராணிக்குப் பிடிக்காத ஒருவனோடு கல்யாணம் பேசுகிறார்களாம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு குதிரை ஏறிவிடுகிறாளாம். அதைக் கேட்டதும் எனக்குக் குளிர் கூடத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இரண்டு பேரும் அருவிக்குள் போய்விட்டோம்.

"கடைசியிலே கோட்டை மேலேருந்து ஆத்துலே குதிக்கிறா. குதிச்சு..."

அதற்குமேல் தண்ணீர் பேசிற்று. அந்த அம்மாளின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. பின்னாலிருந்து பத்துப் பெண்கள் தள்ள, அந்த அம்மாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளியே வந்து தேடியபோது அவர்களுடைய கார் போயிருந்தது.

குதித்துச் செத்தாளா, நீந்திக் கரை ஏறினாளா? சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. எனக்கு அது சிரிப்பாக இல்லை. தை மாதம் எனக்கு முகூர்த்தம். அதற்குள் அந்த ராணி என்ன ஆனாள் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் படம் தென்காசிக்கு வந்தது. அண்ணன் முதல் நாளே போனார். வந்து சட்டையை மாட்டினார்.

"நமக்கு வேண்டாம். பொட்டப்புள்ள கத்தியத் தூக்கிட்டு ஆடுதா. இதைப் பாத்தா குடும்பம் வெளங்குமா?"

பிறகு மூன்று தடவை போனார். நான்கு தடவையும் கடைக்கூட்டத்தோடு. நான்கு தடவையும் வந்து அந்தச் சண்டையை அம்மாவிடம் கையை வீசி நடித்துக் காட்டினார். ராணியைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

மூன்றாவது வாரம் போஸ்டர் ஒட்டிய மாட்டுவண்டி கொட்டு அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தது. வண்டியின் ஒரு பக்கம் அந்தப் படம், மேலே 'ஞாயிறு மாட்டினியுடன் கடைசி' என்று ஒட்டியிருந்தது. இன்னொரு பக்கம் அதே ஞாயிறு காலை ஒரே காட்சியாக ஒரு இங்கிலீஷ் பொம்மைப் படம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

"இதைப் பாக்கலாம்ட்டி. வரஞ்ச படம். நெசமான பொம்பளையும் கெடையாது, ஆம்பளையும் கெடையாது. குடும்பத்தோட போயிட்டு வாங்க."

இந்தப் படத்தை மட்டும் சோதிக்காமலே விட்டார். பொம்மை என்ன கெட்டுப்போகப் போகிறது?

பெரிய படத்தை மறுத்துவிட்டு, அது ஓடுகிற அதே கொட்டகைக்கு, அதே நாள் காலையில், குழந்தைப் படத்துக்கு என்னை அனுப்புகிறார்கள். இருபது வயதுக்காரியை. அண்ணன் மகன் ஏழு வயதுக்காரனைக் கையில் பிடித்துக்கொண்டு, மதினியோடு பெண்கள் வாசல் வழியாக உள்ளே போனபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவரில் அந்த ராணி குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கவில்லை.

இங்கிலீஷ் யாருக்குப் புரியும்? அதற்காகக் கொட்டகைக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை ஏற்பாடு செய்திருந்தார். அவர் திரைக்கு ஓரமாக, எங்களைப் பார்த்து நின்று, கையில் இருந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு கதை சொன்னார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஒரு வெள்ளாட்டின் கதை அது. பட்டியில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள். இது மட்டும் வேலி தாண்டி மலைக்குப் போகிறது. அங்கே மழை, இடி, ஓநாய்.

"பார்த்தீர்களா குழந்தைகளே, பெரியோர் சொல் கேட்காத ஆட்டின் கதியை!" என்றார் வாத்தியார்.

கொட்டகையில் குழந்தைகள் கப்சிப். ஆடு மழையில் நனைந்துகொண்டு பட்டிக்குத் திரும்பி வந்தது.

"புத்தி வந்தது! இனி ஒருநாளும் வேலி தாண்டாது. சுபம்."

சுபம் என்று அவர் சொல்லி முடித்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ஆடு கொம்பைக் கொடுத்துப் பட்டியின் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் ஆடு வளர்க்கிறவர்கள், எங்களுக்கு எதற்கு இங்கிலீஷ்? "இன்னுங் கொஞ்சம், மேல தூக்குட்டி!" என்று ஒருத்தி ஆட்டுக்கு வழி சொன்னாள். தாழ்ப்பாள் விழுந்தது. அத்தனை ஆடும் வரிசையாக வெளியே நடந்தன. வாத்தியார் இன்னும் கீழ்ப்படிதலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார்வாள், கொஞ்சம் திரும்பிப் பாருங்க! ஆடு எல்லாம் போயிட்டு!" என்று கத்தியது வேறு யாருமில்லை, மதினி. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மதினி.

வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. "அமைதி, அமைதி" என்றார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் தன் மகனைக் கேட்டார். "படம் எப்படிலே?"

"பெரியவங்க சொன்னாக் கேக்கணும். ஆடு திரும்பி வந்துட்டுப்பா."

"அதான் படம்! பாத்தியாம்மா, பொம்மைய வச்சு எவ்வளவு நல்லதைச் சொல்லிருக்கான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. அந்த ஆடு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டு. வாத்தியாரு பாக்கவே இல்ல."

"ஒனக்கு இங்கிலீசு தெரியுமோ?"

"கண்ணு தெரியும்லா."

அம்மா "ஏட்டி" என்று அதட்டினாள். ஆரம்பித்தாயிற்று, இனி என்ன?

"அண்ணே, நாலு தடவை பாத்தியள்லா, அந்த ராணி கடைசியில என்ன ஆனா? ஆத்துல குதிச்சவ செத்தாளா, பொழச்சாளா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"யாருக்குத் தெரியும்? சண்டை முடிஞ்சதும் நாங்க எந்திரிச்சிருவோம். படம் விடுதது ஆறு மணிக்கு. அதுவரைக்கும் இருந்தா பஸ்ஸுல நிக்க எடம் கெடைக்காது. அஞ்சரை பஸ்ஸு காலியா வரும்."

நான்கு தடவை! ஒரு தடவைகூடக் கடைசி வரை உட்காரவில்லை. அவள் என்ன ஆனாள் என்றே தெரியாமல்தான், அவளைப் பார்த்தால் குடும்பம் விளங்காது என்று எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

"இன்னிக்குக் கடைசி. எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு மனம் இளகியது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

"அழாதட்டி. நான் இன்னைக்கும் போறேன். கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டு வந்து ஒனக்குச் சொல்லுதேன். சரிதானா?"

கை கழுவிவிட்டு, வெளுத்த சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, எனக்காக ஐந்தாவது தடவை புறப்பட்டுப் போனார்.

நான் முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்தில் சுளகில் அரிசி புடைத்தாள். வெயில் சரிந்து தென்னை நிழல் சுவரில் ஏறியபோது தெரு முக்கில் பஸ் ஆரன் கேட்டது. மதினியின் கை நின்றது. நடை ஏறி அண்ணன் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"செத்துப் போயிட்டாட்டி. ஆத்தோட போயிட்டா. அப்படி ஆடுனா வேற என்ன ஆகும்? போதுமா?"

நான் தலை நிமிரவில்லை. மதினிதான் சுளகைக் கீழே வைத்தாள். அதுவரை ஒன்பது வருடம் அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், எங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அஞ்சரை பஸ்ஸுலல்லா வந்திருக்கிய?"

அண்ணன் கால் கழுவப் போய்விட்டார். ஆறு மணிக்குப் படம் விட்டபின் கிளம்பும் பஸ் அதற்குப் பிறகுதான், படிக்கட்டு வரை ஆட்களோடு, குற்றாலத்துக்குப் போயிற்று.

தை மாதம் கீழப்பாவூருக்குப் போனேன். அந்த ராணி என்ன ஆனாள் என்று பிறகு நான் எந்த ஆணிடமும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. அவரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான். நல்ல படம் இல்லை என்பார்.