பூண்டின் மேல் கிடந்த பச்சைத் திரை

ஓரம் மடித்துத் தைத்த இடத்தில் மட்டும் துணி நல்ல பச்சையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்துக் காய்ந்த வாழைச்சருகு நிறம். பூம்பாறையில் ஒரு வீட்டில், பூண்டுக் குவியலின் மேல் போர்த்தியிருந்த அந்தத் துணியில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

எங்களுக்குப் பழனி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணனின் தையல் கடையில் காவடித் துணிகளுக்கு ஓரம் அடிக்கிறேன். பழைய துணி, பழைய சாமான் என்றால் எனக்குப் பைத்தியம். கொடைக்கானலில் அவற்றையே விற்கும் ஷீலா அக்காவின் கடையில் ஒரு அலமாரித் தட்டு காலியானது; நான் கொண்டுவரும் பழைய பொருட்களை வைத்து விற்க அதைக் கேட்டிருந்தேன். அதற்காகத்தான், தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாசி முதல் வாரத்தில் இந்தப் பயணம்.

இதற்கு முன் இரண்டு முறை போய்த் தோற்றிருந்தேன். முதலில் கொண்டுபோன பித்தளை விளக்கு, அமிலம் தடவிக் கறுக்க வைத்த புது விளக்கு. அடுத்தது ஒரு சேலை. பழசுதான், ஆனால் துவைத்துத் துவைத்து அதில் பழமையின் தடம் ஒன்றுமே மிச்சமில்லை.

“ஏஜ் மட்டும் பத்தாதும்மா” என்றார் அக்கா. “இருபது வருஷம் தாண்டினா வின்டேஜ், நூறு தாண்டினா ஆன்ட்டிக்னு பிசினஸ்ல சொல்லுவோம். ஆனா அது எந்தக் காலத்துப் பொருள், எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பொருளே காட்டணும். அதை நீ கஸ்டமர்கிட்ட உன் வாயால சொல்லணும்.” இந்தச் சனிக்கிழமை மாலைக்குள் சரியான பொருளோடு நான் வராவிட்டால் தட்டு மெழுகுவர்த்தி விற்பவருக்கு என்றும் சொல்லிவிட்டார்.

பொருள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. வாய்தான் பயமாக இருந்தது. எனக்காக எங்கேயும் பேசுவது என் மதினிதான்.

சனிக்கிழமை வெள்ளனே இருவரும் கிளம்பினோம். பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். வலப்பக்கமோ இடப்பக்கமோ, முன் இருக்கையாகப் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் வயிறு கேட்காது. அங்கிருந்து பூம்பாறைக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். பேருந்துகள் குறைவு, ஆகவே இறங்கும்போதே திரும்பும் வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பூம்பாறையில் மதினியின் சித்தி வீடு. நான் துணியையே பார்ப்பதைக் கண்டு சித்தி சிரித்தார்.

“இந்தக் கந்தலையா பாக்குற? கொடைக்கானல் பங்களாவுல வேலை பாத்தப்ப அந்தம்மா குடுத்த சன்னல் துணி. எம் பெரியவன் அப்பத் தொட்டில்ல கெடந்தான். இப்ப அவன் புள்ள காலேசு போறான்.”

“எடுத்துக்கவா சித்தி?” என்று மதினி எனக்காகக் கேட்டார்.

“தாராளமா. மொதல்ல சாப்பிடுங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். எட்டிப் பார்த்தேன். சித்தியின் ஒரு கையில் என் துணி, மறு கையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலம். வந்தவர்களிடம் அழுக்குத் துணியைக் கொடுத்தனுப்ப அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது.

“வேண்டாம்! நனைக்காதீங்க!”

சோற்றுக் கையோடு நான் போட்ட கூச்சலில் கொல்லைக் கோழிகள் சிதறின.

“ஆத்தி!” என்று சித்தி பொட்டலத்தைக் கீழே போட்டார். “நாறுதேன்னு அலசித் தரப் பாத்தேன். கறையோட குடுத்தா ஊரு என்னயத்தான பேசும்!”

மதினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “எனக்குக் கல்யாணமாகி மூணு வருசமாச்சு சித்தி. இவ சத்தத்த இன்னைக்குத்தான் கேக்குறேன். ஏ கவி, வெரசா தின்னு, பஸ்ஸ விட்றப் போறோம்.”

திரும்பும் வழியெல்லாம் திரையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: துணியை விரித்ததும் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். மடிப்புக்குள் வெயில் போவதில்லை. கொக்கி, வளையம், தையல் எல்லாம் கையால் செய்ததா, துருவோ களிம்போ துணிக்குள் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். நாற்றம் இருந்தால் நிழலில் காற்றாட விடுங்கள், போதும்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மெழுகுவர்த்திப் பெட்டிகள் வாசலுக்கே வந்துவிட்டிருந்தன. அக்கா திரையைப் புரட்டிப் பார்த்தார். சாமான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோயம்புத்தூர் அம்மாவைக் காட்டி, “அவங்ககிட்ட சொல்லு” என்றார்.

மதினி வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஒட்டுப் போட்ட துணியாச்சே கண்ணு,” என்றார் அந்த அம்மா. “இதப் போயி யாருங்க வாங்குவாங்க?”

“ஒட்டைப் பாருங்கம்மா,” என்றேன். ஒட்டு இருந்த இடத்தை அவர் பக்கம் திருப்பினேன். “அது வேற துணி. ஆனா அதுவும் திரை மாதிரியே வெளுத்திருக்கு. கிழிஞ்சப்புறமும் தூக்கிப் போடாம, தச்சு, அதே சன்னல்ல பல வருசம் தொங்க விட்டிருக்காங்க. இந்தப் பித்தளை வளையம் ஒவ்வொண்ணும் கையால தச்சது. களிம்பு துணியிலயே எறங்கியிருக்கு. புதுசை இப்படிப் பழசாக்க முடியாது.”

அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒட்டின் மேல் குனிந்தார். நிமிரும்போது, “இது எங்க வீட்டு சன்னலுக்குச் சரியா இருக்குமுங்களா?” என்று என்னிடமே கேட்டார்.

“அளவு சொல்லுங்கம்மா,” என்றேன்.

ஷீலா அக்கா வாசலுக்குப் போய், மெழுகுவர்த்திக்காரரிடம், “சாரி சார், தட்டு போயிடுச்சு” என்றார்.

நான் தட்டைத் துடைத்து, மடித்த ஓரத்தின் பச்சை வெளியே தெரியும்படி திரையை விரித்து வைத்தேன்.