வேண்டாத வார்த்தைகளில் ஒரு 'அவுரு'

நேற்று யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்!

(எட்டாம் கிளாஸ் ஃபெயிலுக்கு அங்கே என்ன வேலை என்று வில்லியனூர் டெம்போ ஸ்டாண்டே பெட் கட்டுவது எனக்குத் தெரியும். யாரும் ஜெயிக்க மாட்டீர்கள். படியுங்கள்.)

என் மனைவி செல்வி போன மழைக்காலத்தில் தவறிப்போனாள். வயிற்றில் கட்டி. "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஃபேனைப் பார்த்தாள்.

வலியை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அன்றிலிருந்து மண்டைக்குள் இந்த ஒரு கேள்விதான்.

நிவேதா என்று ஒரு பெண், பிஎச்டி படிக்கிறது. நடவு வேலைக்குப் போகும் பெண்கள் உடம்புக்கு முடியாவிட்டாலும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று ஆராய்ச்சி. உறுவையாறு வயல் வரப்பில் உட்கார்ந்து, நடவுக்கு வந்த செல்வியின் பேச்சையும் பதிவு பண்ணியிருக்கிறது. செல்வி அப்போதே, "அவுரக் கேட்டுட்டு அப்பால போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டாளாம்.

அதனால் எனக்குப் போன்.

"அண்ணா, நீங்க வந்து கேட்டுட்டு சரின்னு சொன்னாதான் யூஸ் பண்ணுவேன்."

"வூட்டுக்கு எடுத்தாயேன் பாப்பா. டீ போட்டுத் தரேன்."

"அந்த சாஃப்ட்வேர் எங்க லேப்ல மட்டும்தான்ணா இருக்கு. லைசென்ஸ் அப்படி."

(லைசென்ஸ் என்றதும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. டிரைவர் புத்தி!)

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார்.

"ஐடி கார்டு கீதா?"

"ஆர்சி புக்கு கீது, இன்சூரன்ஸ் கீது. உனுக்கு இன்னா வேணும் சொல்லுபா!"

நல்லவேளை, நிவேதா ஓடிவந்து கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப் போனது.

லேபில் ஏசி. ஊட்டி மாதிரி குளிர். நிவேதா மவுஸைப் பிடித்திருந்த விதமே சரியில்லை.

"நானே இப்பதான் கத்துக்கறேன்ணா. ரெண்டு தடவ எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிருப்ப. பரவால்ல, போகப் போக வந்துடும்!"

சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பேசியதையெல்லாம் அப்படியே டைப் பண்ணிப் போடுகிறார்கள். கூலியைப் பற்றிப் பேசினால் அந்த வரிக்கு ஒரு கலர், தூரத்தைப் பற்றிப் பேசினால் வேறு கலர். ஒவ்வொரு கலருக்கும் ஒரு பெயர். அதற்கு கோடிங் என்று பேர்.

அப்புறம் நிவேதா ஒரு படம் காட்டியது. அதிகம் பேசிய வார்த்தை பெரிசாக, கம்மியாகப் பேசியது பொடிசாக. 'வேலை' பெரிசு. 'முதுகு' பெரிசு. 'நாத்து', 'தண்ணி', 'பஸ்சு'.

என் செல்வி ஸ்கிரீன் முழுக்கச் சிதறிக் கிடந்தாள். தொட்டுப் பார்க்கக் கை போனது. (ஸ்கிரீனைத் தொடக்கூடாதாம்.)

"இதுல நான் எங்கம்மா கீறேன்?"

"உங்க பேரு வரவேயில்லண்ணா. தேடிட்டேன்."

"எப்பிடி வரும்? கண்ணாலம் ஆனதுலேர்ந்து அவ என் பேரச் சொன்னதே இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவங்களதான் சொல்லச் சொல்லுவா. அவளுக்கு நான் 'அவுரு'தான்."

நிவேதா நாக்கைக் கடித்துக்கொண்டது.

"ஐயோ, அதத் தூக்கிட்டேனேண்ணா!"

அவரு, இவரு, அது, இது எல்லாம் எல்லோர் பேச்சிலும் வருமாம். எண்ணிக்கையைக் கெடுக்குமாம். அதனால் 'வேண்டாத வார்த்தைகள்' என்று ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டுமாம். அப்படித்தான் நிவேதாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"என் மாமியாரு இத்தினி வருஷமா என்னைத் தூக்கப் பார்த்து முடியல. நீ ஒரே பட்டன்ல தூக்கிட்டியேம்மா!"

நிவேதா சிரித்துக்கொண்டே, அவுரு, அவுருக்கு, அவுருகிட்ட எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி போட்டது.

நட்ட நடுவில் வந்தது 'அவுரு'.

'வேலை'யைவிடப் பெரிசு! 'முதுகை'விடப் பெரிசு!

(கட்சி பேனரில்கூட யாரும் என்னை அந்த சைஸில் போட்டதில்லை.)

நிவேதா அதன்மேல் கிளிக் பண்ணியது. 'அவுரு' வரும் வரியெல்லாம் வரிசையாக வந்தது. ஒரு வரியில் கை நின்றது.

"அண்ணா... இதக் கேக்கத்தான் உங்கள வரச்சொன்னேன். போன்ல சொல்ல மனசு வரல."

ஹெட்ஃபோனை என் காதில் மாட்டியது.

முதலில் காற்று. அப்புறம் நிவேதாவின் குரல்: "வலி இருக்குன்னு ஏன்க்கா வீட்டுல சொல்லல?"

அப்புறம் செல்வி.

"அவுருகிட்ட இன்னாத்தச் சொல்றது? ஊரையே சிரிக்க வெக்கிற ஆளு. நான் ரெண்டு தும்மல் போட்டா அவுருக்கு சோறு எறங்காது. பயந்துக்குவாரும்மா. வண்டி ஓட்டுற மனுசன், மனசு பதறக்கூடாது."

"நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா."

"போலாம், போலாம். ஒண்ணுமில்ல, வுடு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன்.

நிவேதா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இதுக்கு என்ன பேரு வெக்கறதுன்னே தெரியலண்ணா. 'பயம்'னு வெச்சா, அக்காவுக்கு ஆஸ்பத்திரின்னா பயம்னு ஆயிடும்."

"இல்லம்மா. பயம் என்னுது. தூக்கினு திரிஞ்சது அவ."

நிவேதா அந்த வேண்டாத பட்டியலைத் திறந்து 'அவுரு'வை நிரந்தரமாக வெளியே எடுத்தது. மற்ற அக்காக்கள் பேச்சையெல்லாம் முதலிலிருந்து பார்க்கப் போகிறதாம். அவர்களிடமும் எத்தனை அவுரு ஒளிந்திருக்கிறார்களோ!

"இந்த வரியப் போட்டுக்கலாமாண்ணா? உங்க பேர நான் மறச்சிடுவேன்."

"போட்டுக்கம்மா. பேர மறைக்கிற வேல உனுக்கு எதுக்கு? அத அவளே செஞ்சிட்டுப் பூட்டா."

கமெண்டில் என்னை ஓட்டப் போகிறவர்கள் தாராளமாக ஓட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது, "ஒண்ணுமில்ல, வுடு" என்று சொன்னார்களா?